இருபது வயது அக்கா

அன்புள்ள அம்மா,

நான் ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வெளியே இருக்கிறேன். வயது 38. திருநெல்வேலியில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கும்போது கல்யாணம் ஆனது, படிப்பு அதோடு நின்றது. பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு இங்கே கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். போன ஆகஸ்டில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறினேன்.

கெமிஸ்ட்ரி லேபில் என்னோடு இருக்கும் பெண் ஒரு சொராரிட்டியில், அதாவது கல்லூரி மாணவிகள் சகோதரிகளாகச் சேரும் சங்கத்தில், இருக்கிறாள். "நீயும் வாயேன், எங்களிடம் இடம் இருக்கிறது" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுவாரமும் கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். கணவரிடம் சொன்னேன், சிரித்தார். பதினான்கு வயது மகள், "அம்மா, ப்ளீஸ், வேண்டாம்" என்றாள். வகுப்பு, பார்க்கிங், வீடு என்றே என் கல்லூரி நாள் முடிகிறது. எனக்குத் தோழிகள் வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதில் இதற்கு ஆசைப்படுவது தப்பா? விதிப்படி சேர முடியுமா? நீங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் விதி. வயது தடையே இல்லை. அமெரிக்காவின் பழைய, பெரிய சொராரிட்டிகள் 1902-இல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன. நீங்கள் அந்தக் கல்லூரியில் முறையாகப் பதிவு செய்த மாணவியாக இருக்க வேண்டும். அதே கூட்டமைப்பின் வேறொரு சொராரிட்டியில் ஏற்கெனவே உறுப்பினராகி இருக்கக் கூடாது. கல்யாணம் ஆனவரா, பிள்ளை பெற்றவரா என்ற கேள்வி அதன் விதிகளில் இல்லை. மதிப்பெண் வரம்பு கிளைக்குக் கிளை மாறும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஆள் எடுப்பது உள்ளே இருக்கும் பெண்களின் ஓட்டு. அந்த ஓட்டு ரகசியமானது. விதியில் இல்லாத வயது அங்கே வந்து உட்காரலாம். இதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

ஆசைப்படுவது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அமைப்புகள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். உங்கள் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், பெண்களுக்குப் பட்டம் வழங்கவென்றே 1836-இல் சாசனம் பெற்ற ஒரு கல்லூரியில், 1851-இல் சில மாணவிகள் கூடி அடெல்ஃபியன் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இன்றைய ஆல்ஃபா டெல்டா பை அதுதான். இண்டியானாவில் பெட்டி லாக் என்ற பெண்ணின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஆண்களின் கல்லூரியாக இருந்த இண்டியானா ஆஸ்பரியில் முதலில் சேர்ந்த பெண்களில் அவரும் ஒருவர். அங்கே இருந்த ஒரு ஃபிராட்டர்னிட்டி, அதாவது ஆண் மாணவர்களின் சங்கம், தங்கள் சின்னத்தை அவர் அணிந்துகொள்ளலாம் என்றது. அணிவதென்றால் உறுப்பினராகவே அணிகிறேன் என்றார் அவர். அவர்கள் மறுத்துவிட்டு, தங்கள் சங்கப் பெயரின் கிரேக்க எழுத்துகளைப் பொறித்த ஒரு வெள்ளிக் கேக் கூடையைப் பரிசாகக் கொடுத்தார்கள். 1870-இல் அவர் மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டு காப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சொராரிட்டியைத் தொடங்கினார்.

கூட்டத்தில் இடம் கேட்ட பெண்ணுக்குச் சாப்பாட்டு மேசைப் பாத்திரம் கிடைத்தது. அந்தக் கூடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன். கல்லூரிக்குள் தனியாக நடந்த பெண்கள் துணை தேடி உண்டாக்கியதுதான் சொராரிட்டி. வகுப்பு, பார்க்கிங், வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படி ஒருத்திதான் இதைத் தொடங்கினாள். உங்கள் ஆசையில் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் நீங்கள் அறிய வேண்டும். இதே அமைப்புகள் நூறாண்டுக்கு மேல் கறுப்பினப் பெண்களை வாசலிலேயே நிறுத்தின. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013-இல் கூட அது நடந்தது. மாணவர் பத்திரிகை அதை அம்பலப்படுத்திய பிறகுதான் அங்கே மாற்றம் வந்தது. சாதி பார்த்துப் பந்தி பிரிப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று கட்டியவை ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா (1908), டெல்டா சிக்மா தீட்டா (1913), சீட்டா ஃபை பீட்டா (1920), சிக்மா காமா ரோ (1922). கடைசியாகச் சொன்னதைத் தொடங்கியவர்கள் ஏழு பள்ளி ஆசிரியைகள். பட்டம் பெற்று வேலைக்குப் போன பெண்களை நாற்பதிலும் ஐம்பதிலும் உறுப்பினராக ஏற்கும் கிளைகள் இந்த அமைப்புகளில் உண்டு. நடுவயதுப் பெண்ணைச் சகோதரியாக ஏற்பது அவர்களுக்குப் புதுமையே அல்ல.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் சமயம் நடக்கும் பெரிய ரெக்ரூட்மென்ட்டுக்குப் போகாதீர்கள். ரஷ் என்பார்களே, அது. தென்மாநிலப் பல்கலைக்கழகங்களில் அது நூற்றுக்கணக்கான பெண்கள் ஒவ்வொரு சொராரிட்டியின் வீடாக ஏறி இறங்கும் வாரம். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு, கைதட்டல், சில நிமிடப் பேச்சு. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த ஹாஸ்டல் என்று கேட்பார்கள். பள்ளி முடித்து நேராக வருகிறவளுக்காக அமைத்த கேள்விகள் அவை. உங்கள் பதில் எதற்கும் அந்தச் சில நிமிடம் போதாது. முதல் சுற்றிலேயே உங்கள் பெயரை நீக்கிவிட்டால், அது உங்களைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வீர்கள். அங்கே அவர்கள் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இன்னொன்று. கடைசி நாளில் ஒரு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதற்குப் பிறகு வந்த அழைப்பை வேண்டாமென்றால், அடுத்த ரெக்ரூட்மென்ட் வரை அந்தக் கேம்பஸில் அந்தக் கூட்டமைப்பின் வேறு எதிலும் சேர முடியாது.

உங்களுக்கு உரிய வழி கன்டினியூயஸ் ஓபன் பிட்டிங். எண்ணிக்கை நிரம்பாத கிளை, பருவத்தின் நடுவிலும் தனக்குத் தெரிந்த பெண்ணை நேரடியாக அழைக்கலாம். லேப் தோழி "எங்களிடம் இடம் இருக்கிறது" என்றது அநேகமாக இதைத்தான். ஒருவர் உங்களோடு வேலை செய்து பார்த்துவிட்டு அழைக்கிறார். ரஷ்ஷில் வரும் நூறு பேருக்கு வாய்க்காத முன்னறிமுகம் இது. இரண்டாம் முறையும் கேட்டாள் என்றால் சும்மா கேட்கவில்லை.

சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதில்தான் எனக்குக் கவலை. புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு மூத்த உறுப்பினரைத் துணையாகக் கொடுப்பார்கள். மூத்தவள் பிக், புதியவள் லிட்டில். பிக் யார் என்பதைச் சில நாள் மறைத்து வைத்து, சின்னச் சின்னப் பரிசுகளை வாசலில் வைத்து, பிறகு ஒரு மாலையில் வெளிப்படுத்துவார்கள். உங்கள் பிக் இருபது வயதுப் பெண்ணாக இருப்பாள். கூட்டத்தில் எப்படிப் பேச வேண்டும், எந்த நிகழ்ச்சிக்கு எதை உடுத்த வேண்டும், எதற்கு வராவிட்டால் அபராதம் என்று அவள் உங்களுக்குச் சொல்லித் தருவாள். உங்களால் அவளுக்குத் தங்கையாக இருக்க முடியுமா, ஆர்.?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பத்தொன்பதில் கல்யாணமான பெண் அன்றிலிருந்து யாருக்கும் இளையவளாக இருப்பதில்லை. மருமகளாகிறாள், அண்ணியாகிறாள், அம்மாவாகிறாள். எல்லாருக்கும் எடுத்து வைக்கிறவளாகவே வயது ஏறுகிறது. அந்தப் பழக்கத்தோடு சொராரிட்டிக்குள் போனால் முதல் மாதத்திலேயே அந்த வீட்டின் அம்மா ஆகிவிடுவீர்கள். பரீட்சைக்கு முன் யாருக்கோ சாம்பார் சாதம் கட்டிக் கொடுப்பீர்கள். காதல் முறிந்தவள் உங்கள் மடியில் அழுவாள். ஏர்போர்ட்டுக்கு நீங்கள்தான் கார் ஓட்டுவீர்கள். அவர்கள் உண்மையாகவே உங்களை நேசிப்பார்கள். ஆனால் சனிக்கிழமை எங்காவது கிளம்பும்போது உங்களைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது. அம்மாவை யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. பெட்டி லாக்குக்குக் கொடுத்த கேக் கூடையை உங்கள் கையில் நீங்களே எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். நீங்கள் கேட்டது தோழிகளை. அதனால் முதல் ஒரு வருடம் அங்கே சமைத்துக்கொண்டு போகாதீர்கள். கேட்காமல் புத்தி சொல்லாதீர்கள். கணக்கில் திணறினால் உங்கள் பிக்கிடம் கேளுங்கள். உங்களுக்கு ஒரு நாள் மனசு சரியில்லையென்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் கண்ணீரைப் பார்க்காத வரை எந்தப் பெண்ணும் உங்களைத் தோழியாக நினைக்க மாட்டாள்.

தெற்காசியப் பெண்களின் சொராரிட்டிகளைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஆஸ்டினில் தொடங்கிய காப்பா ஃபை காமாவும் ஹூஸ்டனில் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகாவும் 1998-இல் வந்தவை. இங்கே பிறந்து, வீட்டில் ஒன்றும் கேம்பஸில் ஒன்றுமாக வாழ்ந்த நம் பெண்கள் உண்டாக்கியவை. எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கப் பெண் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நம் வீட்டுப் பெண் வாயில் முதலில் வருவது ஆன்ட்டி. அவள் வளர்ப்பு அப்படி. அந்த ஒரு அழைப்பில் நீங்கள் அவள் அம்மாவின் பக்கத்துக்குப் போய்விடுவீர்கள், அவளும் உங்களிடம் மறைக்க வேண்டியதையெல்லாம் மறைக்கத் தொடங்குவாள். அங்கே போவதானால், முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கூச்சமாக இருந்தாலும் விடாதீர்கள்.

மது விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கூட்டமைப்பு சொராரிட்டிகளின் வீடுகளில் மது கூடாது. ஆனால் வெளியே விருந்துகள் உண்டு. இருபத்தொன்று நிரம்பாத பெண்கள் நடுவில் அடையாள அட்டையும் காரும் வைத்திருக்கும் ஒருத்தி நீங்கள். ஒரு நாள் யாராவது வாங்கி வரச் சொல்வார்கள். வாங்கிக் கொடுத்தால் குற்றவாளி நீங்கள்தான். விசா, கிரீன் கார்டு என்று இருக்கும் குடும்பத்துக்கு அதன் விலை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முடியாது என்று சொல்லுங்கள், காரணம் விளக்க வேண்டாம்.

பணம், நேரம் இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பருவத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் வரை போகும், முதல் வருடம் கூடுதல். வீட்டில் தங்காதவர்களிடமும் வீட்டுப் பராமரிப்புக்கென்று ஒரு தொகை வாங்குவது வழக்கம். கட்டாயம் தங்க வேண்டுமென்ற விதி இருந்தால், பிள்ளைகள் உள்ளவருக்கு விலக்கு உண்டா என்று கேளுங்கள். வாரக் கூட்டம் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்கள் மாலை இருக்கும். புதியவர்களை வதைக்கும் ஹேசிங் பற்றி 2024 டிசம்பரில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்திருக்கிறது. எந்த அமைப்பு அதில் பிடிபட்டது என்று பல்கலைக்கழகமே அறிக்கை வெளியிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் லேப் தோழியின் சொராரிட்டி பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஓட்டில் தோற்றால்? 1869-இல் ஐயோவாவில், ஒரு சொராரிட்டியின் அழைப்பு ஏழு தோழிகளில் எல்லாருக்கும் வரவில்லையாம். பிரிய மனமில்லாமல் எழுவரும் சேர்ந்து பி.இ.ஓ. என்று ஒன்றைத் தொடங்கினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கல்லூரியில் பிறந்த அது பிறகு ஊர்ப் பெண்களின் சங்கமாயிற்று. இன்று முப்பது வயதுக்காரியும் எண்பது வயதுக்காரியும் ஒரே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கூட்டம் நடத்துகிறார்கள். படிப்பு இடையில் நின்று மறுபடி தொடரும் பெண்களுக்கென்று 1973 முதல் உதவித்தொகையும் தருகிறார்கள். அதற்கு நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், உள்ளூர்க் கிளை ஒன்று உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். ஓட்டில் வென்றாலும் இவர்களைத் தேடிப் போங்கள் என்பேன். கூட்டமைப்பு சொராரிட்டிகள் சில, பட்டம் முடித்த பெண்களையும் அழைத்து உறுப்பினராக்குகின்றன. ஆகவே உங்கள் வாய்ப்பு இந்த ஒரு ஓட்டோடு முடிவதில்லை.

கணவர் சிரித்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளுக்குச் சாப்பாடு யார் போடுவது என்று அவரோடு இப்போதே பேசி முடியுங்கள், சிரிப்பு தானாக நிற்கும். மகள் விஷயம் வேறு. அவள் இன்னும் நான்கு வருடத்தில் கல்லூரிக்குப் போவாள். அந்த இடத்தை அம்மா முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறாளோ என்று அவள் பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளிடம் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் உங்களுக்கு அங்கே யாரும் பேச ஆளில்லை என்பதை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா? பதினான்கு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

கிளைக் கூட்டத்துக்கு வெளியாட்களை விட மாட்டார்கள். அதனால் லேப் தோழியிடம், அவர்கள் நடத்தும் நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றுக்கு வரலாமா என்று இந்த வாரமே கேளுங்கள். அங்கே இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். யாரும் வேலை சொல்லாமலே நீங்கள் காகிதத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினால், அடுக்குவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் அவள் பெயரைக் கேளுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.