யானை மலிவு, தீனி மலிவில்லை

அன்புள்ள அண்ணா,

பக்ஸ்டன் மலைப்பாதையில் காரின் கூரையைத் திறந்துகொண்டு போனதைப் பற்றி நீங்கள் எழுதிய சின்னக் குறிப்பைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. எனக்கு 43 வயது. இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில் மென்பொருள் வேலை. பதினொரு வருடமாக ஒரே குடும்பக் காரை ஓட்டுகிறேன். ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. அதை ஓட்டும்போது ஒரு நாளும் எனக்குச் சிரிப்பு வந்ததும் இல்லை.

இப்போது கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே பாக்ஸ்டரில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் எஸ் மாடல், அதாவது பெரிய இன்ஜின் வைத்தது. 2003-ம் வருடத்து வண்டி 7,500 பவுண்டு, 2007 வண்டி 10,000 பவுண்டு. என் கையில் இருப்பது சரியாகப் பத்தாயிரம். முதல் வண்டி கராஜிலேயே நின்றது, நான்கு வருடத்தில் 2,000 மைல்கூட ஓடவில்லை என்று விற்பவர் பெருமையாகச் சொல்கிறார். மனைவி "நாற்பதில் நாய்க்குணம்" என்று சிரிக்கிறாள். ஆபீஸ் நண்பர் ஒருவர், "பழைய போர்ஷே வாங்குகிறவன் மெக்கானிக்கின் பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறான்" என்கிறார். உண்மையில் எவ்வளவு செலவாகும்? அந்தச் செலவுக்குத் தகுமா?

ர.
மில்டன் கீன்ஸ்

அன்புள்ள ர.,

என் மெக்கானிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் உங்கள் நண்பர் சொல்கிற கணக்கு கிட்டத்தட்ட சரிதான்.

நான் செலவை நோட்டில் எழுதி வைக்கிறவன். 2018-ல் 7,200 பவுண்டுக்கு ஒரு பாக்ஸ்டர் வாங்கினேன். ஏழு வருடத்தில் பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் சாலை வரியும் போக, சர்வீஸ், டயர், ரிப்பேர் என்று 11,600 பவுண்டு ஆகியிருக்கிறது. வருடத்துக்குச் சராசரியாக 1,650 சொச்சம். ஆனால் இந்தச் சராசரியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு வருடம் 310 பவுண்டில் முடிந்தது. அடுத்த வருடம் 4,000-ஐத் தாண்டியது. மாதாமாதம் தவணை கட்டுகிற நமக்கு இந்த மேடு பள்ளம்தான் பழகாது.

ஏன் இப்படி என்றால், காரின் விலை இறங்குகிறதே தவிர, உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. நீங்கள் பார்த்திருக்கும் 2003 வண்டி புதிதாக இருந்தபோது சுமார் 40,000 பவுண்டு. இன்றைக்கு 7,500 கொடுத்து வாங்கினாலும் அதன் பிரேக் டிஸ்க்குக்கு அது தெரியாது, நாற்பதாயிரத்துக் காரின் விலையைத்தான் கேட்கும். போர்ஷே நிறுவனம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரும் பண நெருக்கடியில் இருந்தது. 1996-ல் விற்பனைக்கு வந்த பாக்ஸ்டர்தான் கைதூக்கிவிட்டது. செலவை மிச்சப்படுத்த, அதே நிறுவனத்தின் விலை கூடிய ஸ்போர்ட்ஸ் காரான, அதே காலத்து 911-உடன் முன்பாதியையும் இன்ஜின் குடும்பத்தையும் பகிர்ந்துகொண்ட வண்டி அது. பாதி 911 கிடைத்தது என்று நாம் சந்தோஷப்படலாம். பில்லும் அந்த வீட்டிலிருந்துதான் வரும்.

அந்த இன்ஜினில் எல்லோரும் பயப்படுகிற இடம் ஒன்று உண்டு. உங்கள் நண்பரும் அதைத்தான் மனதில் வைத்திருப்பார். இன்ஜினின் அடியில் ஓர் இடைத்தண்டு ஓடுகிறது, அதைச் சுற்றும் சங்கிலிகள்தான் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கின்றன. அந்தத் தண்டின் ஒரு முனையில் கிரீஸ் அடைத்து மூடிய ஒரு சின்ன பேரிங். வருடக்கணக்கில் அதன் மூடி தேய்ந்து, உள்ளே ஆயில் புகுந்து கிரீஸைக் கழுவிவிட்டால், பேரிங் பொடியும். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு இன்ஜின் போச்சு. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக வழக்கே நடந்து சமரசத்தில் முடிந்தது. ஆனாலும் பெரும்பாலான வண்டிகள் ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேரிங்கை மாற்ற கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும். கிளட்ச் மாற்றவும் அதையேதான் கழற்ற வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். என் நோட்டில் தனியொரு பில்லாக மிகப் பெரியது அதுதான், 2,600 பவுண்டு.

2007 வண்டியில் பேரிங் பெரியது, தொல்லை குறைவு. ஆனால் இன்ஜினையே பிளக்காமல் அதை மாற்ற முடியாது. அந்த 3.4 லிட்டர் இன்ஜினில் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் நோய் வேறு உண்டு. அது வந்துவிட்டால் வைத்தியச் செலவு காரின் விலையையே தாண்டும். அப்புறம் சாலை வரி. 2006 மார்ச் 23-க்கு முன்னால் பதிவான கார் எவ்வளவு புகை விட்டாலும் வரிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, வருடத்துக்கு நானூற்றுச் சொச்சம் பவுண்டு. அதற்குப் பின் பதிவான இந்த எஸ் மாடலுக்கு எழுநூறுக்கு மேல். எல்லாவற்றையும்விட முக்கியம், அதை வாங்கினால் உங்கள் கை காலி. முதல் பில் வருகிற அன்றைக்கே காரை வெறுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். என் ஓட்டு 2003-க்கு. மீதி 2,500-ஐத் தொடாமல் வையுங்கள், அது யானையின் தீனி. ஈஸ்ட் ஹாமுக்குத் தோசை சாப்பிடப் போகிற வழக்கம் உண்டு என்றால், வண்டி எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாசு விதிக்குள் வராத காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுவதற்கும் அந்த விதிதான்.

கராஜிலேயே நின்ற வண்டி என்று விற்பவர் பெருமைப்படுகிறாரே, எனக்கு அங்கேதான் சந்தேகம் வருகிறது. நிற்கிற கார் கெடும். ரப்பர் சீல் காயும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டயர் பார்க்கப் புதிது போலவே இருந்து கல்லாகியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. அப்படிப் பழையதென்றால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். முன் டயர் 205 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 255. அதனால் வீட்டுக் காரில் செய்வதுபோல முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்னத் திறந்த கூரைக் கார் வைத்திருந்தேன். வாங்கப் போனபோது குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று புதிதாகப் பூச்சு அடித்திருந்தது. ஆஹா, எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நினைத்தேன். அடுத்த வருடம் எம்ஓடியில், அதாவது வண்டி சாலைக்குத் தகுதியா என்று வருடாவருடம் பார்க்கும் பரிசோதனையில், அந்தப் பூச்சுக்குள் ஸ்க்ரூ டிரைவர் இறங்கியது. இந்த ஊர்க் குளிர்காலச் சாலை உப்பு தின்று தீர்த்த இரும்பை மறைக்கத்தான் அந்த அக்கறை. வெல்டிங்குக்கு 900 பவுண்டு. அரசாங்கத் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் 2005-லிருந்து அதன் எம்ஓடி வரலாறு இலவசமாகக் கிடைக்கும், மைல் கணக்கோடு. "அடிப்பாகத்தில் துரு" என்று மூன்று வருடம் முன்பே அங்கே எழுதியிருந்தது. நான் பார்க்கவில்லை.

இரண்டாவது முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. பாக்ஸ்டரை இலையுதிர் காலம் முழுக்க மரத்தடியில் நிறுத்தினேன். கூரை மடிப்புக்குக் கீழே மழைநீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவற்றை இலை அடைத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே இறங்கி, இருக்கைக்கு அடியில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியை நனைத்தது. சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை. 780 பவுண்டு. ஒரு ஈர்க்குச்சியால் குத்தி எடுத்திருந்தால் தப்பியிருக்கும்.

சரி, இவ்வளவும் எதற்கு?

வேகத்துக்கு என்று சொன்னால் பொய். 3.2 லிட்டர், 260 குதிரைத்திறன் எல்லாம் 2003-ல் பெரிது. இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் மின்சாரக் கார் சிக்னலில் நம்மைத் தாண்டிப் போய்விடும். நான் எழுதிய பக்ஸ்டன்–மக்கிள்ஸ்ஃபீல்ட் சாலையில் மணிக்கு 50 மைல்தான் அனுமதி, சராசரி வேகத்தைக் கணக்கெடுக்கும் கேமரா வேறு. அந்த ஐம்பதுக்குள்தான் எல்லாம் நடக்கிறது. கூரை திறக்கப் பன்னிரண்டு விநாடி. இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. முன்னே திறந்தாலும் டிக்கி, பின்னே திறந்தாலும் டிக்கி. ஊரிலிருந்து வந்த மாமா இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு "இதை யாரு தள்ளுறது?" என்று கேட்டார். எடையெல்லாம் நடுவில் இருப்பதால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி நம் இடுப்போடு சேர்ந்து திரும்புகிறது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பின்மண்டைக்குப் பக்கத்தில் அந்த ஆறு சிலிண்டரும் குரல் மாறும்.

சின்ன வயதில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு அரசு பஸ்ஸில் போகும்போது டிரைவருக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க அடித்துக்கொள்வேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் அவர் கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் 7,200 பவுண்டு அங்கேதான் செலவாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். உங்களுக்கு மலைக்குக்கூடப் போக வேண்டாம். உங்கள் ஊரில் நூற்றுக்கு மேல் ரவுண்டானா இருக்கிறதே! குடும்பக் காரில் அவை எரிச்சல். இந்த வண்டியில் பால் வாங்கப் போகிற நீங்கள் மூன்று ரவுண்டானா சுற்றிக்கொண்டு வருவீர்கள்.

உங்கள் மனைவிக்கு ஒரு கணக்கு. என் மைத்துனர் மூன்று வருடத்துக்கு முன் 34,000 பவுண்டுக்குப் புதுக் கார் வாங்கினார். ஒரு ரிப்பேரும் இல்லை. போன மாதம் விற்கப் போனால் 19,000 கேட்டார்கள். பதினைந்தாயிரம் போனதற்கு ஒரு பில்கூட வரவில்லை, அதனால் அவர் வீட்டில் சண்டையும் இல்லை. என் பாக்ஸ்டரை இன்று விற்றால், வாங்கிய விலை ஏறக்குறைய வந்துவிடும். தின்னும் காசையெல்லாம் சத்தம் போட்டுத் தின்பதால்தான் பழைய காருக்குக் கெட்ட பெயர்.

பார்க்கப் போகும் முன் போர்ஷே மட்டுமே பார்க்கிற தனி மெக்கானிக் ஒருவரிடம் பரிசோதனைக்குச் சொல்லிவையுங்கள், இருநூறு முந்நூறு பவுண்டு ஆகும். கிளட்ச்சும் பேரிங்கும் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலை குறைய வேண்டும். காலையில் போங்கள், "நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு வாய் புகை விடும். சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பதால் அது சகஜம். நிற்காமல் மேகம் போல வந்தால் வேறு விஷயம். சாவியைத் திருகும் முன் பின்னால் போய்ப் புகைக்குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், அன்றைக்கு ரசீதுகளை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுங்கள்.