மாடல் ராக்கெட்டுக்கு வாங்கிய பால்சா பலகையில் பள்ளமும் விரிசலும்: துடுப்பை (ராக்கெட்டின் அடியில் ஒட்டும் இறக்கையை) உப்புத்தாளால் தேய்க்கும் முன்பே சரிசெய்யணுமா?

ஆமாம், முதலிலேயே. பால்சா மிக மென்மையான மரம், நகம் பட்டாலே பள்ளம் விழும். ஆனால் நார் பெரும்பாலும் அறுவதில்லை, நசுங்கித்தான் கிடக்கும். பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியின் முனையை இரண்டு மூன்று விநாடி வையுங்கள். நார் ஊதி மேலே வந்துவிடும். இதைச் செய்யாமல் உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கினால், பிறகு ஈரம் பட்டதும் அந்த இடம் புடைத்து நிற்கும்.

நார் வாக்கில் ஓடும் விரிசலுக்கு, தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் குளூ ஒரே சொட்டு. தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வழிய விட்டால் அந்த இடம் கல்லாக இறுகி, சுற்றியுள்ள மரம் மட்டும் தேயும். மூலை பிய்ந்திருந்தால் மரத்துக்கான பட்டி (புட்டி) வைத்து, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கலாம். நாருக்குக் குறுக்கே முறிந்த துண்டை மட்டும் ஒட்டிப் பார்க்காதீர்கள், புதிதாக வெட்டுங்கள்.