புது இன்ஜினில் எந்த லீவர் எதற்கு?

கேள்வி: எங்கள் பவர் வீடரின் (களை எடுக்கும் இயந்திரம்) பழைய பெட்ரோல் இன்ஜின் போய்விட்டது. 163 சிசி புது இன்ஜின் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறோம். பழையதில் ஒரே லீவர்தான். சோக், வேகம், நிறுத்துவது எல்லாம் அதிலேயே. இதில் மூன்று லீவர், தனியாக ஒரு சிவப்பு சுவிட்ச். கடையில் கையேடு தரவில்லை. கைப்பிடி ஆக்சிலேட்டர் கேபிளை எதில் மாட்டுவது? கார்புரேட்டரிலேயே நேராகக் கட்டிவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: கார்புரேட்டரில் நேராகக் கட்டவே கூடாது. முதலில் அதை நிறுத்திவையுங்கள்.

இந்த இன்ஜினுக்குள் கவர்னர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இன்ஜின் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் சிறு எடைகள் விரிந்து, கார்புரேட்டரில் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் தகட்டை மூடப் பார்க்கும். பெட்ரோல் டேங்குக்குக் கீழே முயல், ஆமை படம் போட்ட லீவர் இருக்கிறதே, அது தகட்டை நேராகத் திறப்பதில்லை. ஒரு ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் திறக்க இழுக்கும், எடைகள் மூடத் தள்ளும். வீடர் கத்தி கெட்டி மண்ணில் சிக்கினால் வேகம் குறையும், எடைகள் தளரும், ஸ்பிரிங் தகட்டைத் திறந்து இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். நீங்கள் கையை அசைக்கவே வேண்டாம்.

கேபிளைத் தகட்டிலேயே கட்டினால் இந்தக் காவல் போய்விடும். வரப்பு முனையில் கத்தியைத் தூக்கித் திருப்பும்போது இழுக்கப் பாரம் இருக்காது. நிமிடத்துக்கு 3,600 சுற்று என்று வைத்துச் செய்த இன்ஜின் அதையெல்லாம் தாண்டிப் பறக்கும். உள்ளே பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு அலுமினியம். அது உடைந்தால் இன்ஜின் கூட்டையே பிளந்துகொண்டு வரும், கைப்பிடியில் நிற்பது நீங்கள்.

ஆகவே கேபிளை அந்த முயல்-ஆமை லீவரில்தான் மாட்ட வேண்டும். லீவரை இறுக்கிப் பிடிக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கேபிளை விட்டதும் ஸ்பிரிங் அதை ஆமைப் பக்கம் இழுத்துவிட வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போது முயல் பக்கம் தள்ளினால் தகடு முழுக்கத் திறந்திருக்கும். பயப்பட வேண்டாம், அது சரிதான்.

மற்ற இரண்டும் சுலபம். கீழே இருப்பது பெட்ரோல் டேப், அதற்கு மேலே சோக், அதாவது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் மூடி. ஓட்டி முடித்ததும், வண்டியில் ஏற்றுவதற்கு முன்பும் டேப்பை மூடுங்கள். திறந்தே விட்டால் சில சமயம் பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை வந்தால் ஓட்டாமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்ய: டேப்பைத் திறந்து, சோக்கை மூடி, வேக லீவரை முயல் பக்கம் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, சுவிட்சைப் போட்டுக் கயிற்றை இழுங்கள். சூடு ஏறியதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் சோக் தேவையில்லை.

சிவப்பு சுவிட்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆஃப் செய்யும்போது அது மின்பொறி காயிலின் ஒயரை இன்ஜின் உடம்போடு சேர்த்து எர்த் செய்கிறது. கைப்பிடியிலும் ஒரு நிறுத்தும் சுவிட்ச் வேண்டுமென்றால், அழுத்தினால் எர்த் ஆகிற வகையை அதே ஒயரில் சேருங்கள். அந்த ஒயரில் பேட்டரி மின்சாரத்தைக் கொடுத்தால் காயில் கருகிவிடும்.

அப்புறம், ஆயில் ஊற்றினீர்களா? இவை பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் கடைக்கு வரும். இந்த அளவு இன்ஜினுக்கு 10டபிள்யூ-30 ஆயில் சுமார் 600 மில்லி பிடிக்கும். சமதளத்தில் வைத்து, குச்சியைத் திருகாமல் உள்ளே விட்டுப் பாருங்கள். ஆயில் குறைந்தால் தானே நிற்கும் சென்சார் பல மாடல்களில் உண்டு. சரிவில் ஓட்டும்போது திடீரென்று நின்றால் முதலில் ஆயிலைப் பாருங்கள். முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கையேடு இல்லாமல் விற்றது சரியா?

பதில்: சரியில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் தராத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். பில்லில் இன்ஜின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள், கூடவே கையேட்டையும் வாரண்டி அட்டையையும் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மெக்கானிக் சொன்னபடி கேபிளைக் கார்புரேட்டரில் கட்டும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். கவர்னரில் கைவைத்த தடம் தெரிந்தால் வாரண்டியை மறுக்க அதையே காரணமாகச் சொல்வார்கள்.