பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள்

போன மாதம் குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பிளஸ் டூவில் 600-க்கு 371. ஜவுளிக்கடை மஞ்சப்பையில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், அடியில் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரம். அவருடைய தம்பி சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறாராம். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், ஏ.ஐ. பிரிவு. ஹாஸ்டலோடு நாலு வருடத்துக்கு 9 லட்சம். "பத்திரத்த வெச்சுப் பொரட்டிடலாம் சார். ஆனா இவன் வாயே தொறக்க மாட்டேங்கறான்" என்றார்.

சவுக்கைப் பற்றிக் கேட்டதும் வாயைத் திறந்தான். 2011 டிசம்பர் 30 தானே புயலில் முந்திரித் தோப்பு மொத்தமாகச் சாய்ந்த பிறகு அவன் அப்பா சவுக்கு போட்டிருக்கிறார். கடைசி வெட்டில் எந்த லாரியில் எத்தனை டன் போனது, வெட்டி எத்தனை நாள் கழித்து லோடு ஏறியது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். யாரும் சொல்லி எழுதியதில்லை. "நாலு நாள் வெயில்ல கெடந்தா எட எறங்கிடும் சார். அந்த நஷ்டம் நமக்குத்தான்."

அம்மா, அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யோசிப்போம், அவசரமில்லை" என்று சொல்லி அனுப்பினேன். அது தப்பு. இப்போது நேராகவே எழுதுகிறேன்: அந்த சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான பையன். முதல் குரூப் எடுத்ததே மாமா சொன்னதால்தான் என்று நீங்களே சொன்னீர்கள். அவனை நாலு வருடம் கோடிங் படிக்க வைக்க நிலத்தை அடகு வைக்கிறீர்கள். அந்த நிலத்தில் என்ன வளர்க்கலாம், எப்போது வெட்டலாம் என்று வீட்டில் அடுத்த தலைமுறையில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நடுவில் இரண்டாம் வருடம் அரியர் விழுந்தால் வட்டியை யார் கட்டுவது? உங்கள் தம்பி கட்டுவாரா? கேட்டுப் பாருங்கள்.

"மரம் வெட்டவா படிக்க வெச்சோம்" என்று அவர் கேட்டதாகச் சொன்னீர்கள். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது, விவரம்தான் இல்லை. புகளூர் காகிதபுரத்து டி.என்.பி.எல்., பள்ளிபாளையம் சேஷசாயி காகித ஆலைகளுக்குப் போகிற சவுக்கிலும் தைலமரத்திலும் பெரும் பங்கு விவசாயிகள் பட்டா நிலத்தில் வளர்த்தது. ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு கைகோத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988 தேசிய வனக் கொள்கையே சொல்கிறது. அப்படியென்றால் கன்று தயாரிக்க, நட, கவாத்து பண்ண, அளக்க, வெட்ட, ஏற்ற ஆள் வேண்டும். அதுவும் விவரம் தெரிந்த ஆள்.

வனக்காவலர் தேர்வும் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் பட்டப்படிப்பும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் பையனுக்கு நான் சொல்வது குளோன் நாற்றங்கால்: விதை போடாமல், நல்ல மரத்தின் துளிரிலிருந்தே அதே குணமுள்ள கன்றுகளை உருவாக்கும் இடம்.

இரண்டு வருடம் முன்பு நாலு மாணவர்களோடு அப்படி ஒரு நாற்றங்காலுக்குப் போயிருந்தேன். பாலித்தீன் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்த உடனே என் கண்ணாடி முழுக்க ஆவி. உள்ளே அவ்வளவு ஈரம் வேண்டும். குறைந்தால் துளிர் காய்ந்துவிடும், தண்ணீர் சொட்டச்சொட்ட நின்றால் அழுகிவிடும். வெளியே தாய்ப்பாத்தி: தேர்ந்தெடுத்த சவுக்குகளைக் குட்டையாகவே வெட்டிவெட்டி வளர்க்கிறார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் இளந்துளிர்களைக் கிள்ளி, பூஞ்சாண மருந்தில் நனைத்து, ஐ.பி.ஏ. என்ற வேர் ஹார்மோனில் அடி நுனியைத் தொட்டு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய கறுப்புக் குப்பியில் செருகுகிறார்கள். சுமார் மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். அப்புறம் நிழல்வலை, அப்புறம் வெட்டவெளி, அப்புறம்தான் வயல்.

அந்தக் குப்பிக்கு ரூட் ட்ரெய்னர் என்று பெயர். ஒன்றைக் கவிழ்த்துக் கன்றை உருவி, மேற்பார்வையாளர் என் உள்ளங்கையில் வைத்தார். உள்சுவரில் மேலிருந்து கீழே வரப்புபோல் கோடுகள் இருக்கின்றன. வேர் சுவரில் மோதினால் சுற்றிப்போகாமல் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேரே இறங்கும். அடியில் ஓட்டை. ஓட்டையை எட்டிய வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து நின்றுவிடும், பக்கவேர்கள் பெருகும். சாதாரண பாலித்தீன் பையில் அதிக நாள் வைத்த கன்று அப்படியில்லை. வேர் பைக்குள்ளேயே சுருட்டிக்கொள்ளும். நட்டபோது ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று வருடம் கழித்துப் பெருங்காற்றில் தெரியும். புயல் அடிக்கிற கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சவுக்குக்கு இன்னொரு சூட்சுமம், ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பது அதுதான். வளர்ந்த மரத்தின் வேர்முடிச்சுகளை அரைத்துக் கரைத்துக் கன்றுகளுக்கு ஊற்றுகிறார்கள். என் மாணவர்களில் மூன்று பேர் போனில் மூழ்கியிருந்தார்கள். ஒருவன் மட்டும் முடிச்சை நசுக்கி முகர்ந்து பார்த்தான். இந்த வேலைக்கு யார் லாயக்கு என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

ஐந்தடிக்கு ஐந்தடி நட்டால் ஏக்கருக்கு 1,742 கன்று. உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை ஏக்கர் சவுக்கு, ஒரு வெட்டுக்கு எத்தனை வருடம் என்று பார்த்து, வருடத்துக்கு எத்தனை கன்று வேண்டும் என்று உங்கள் பையனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

எங்கே கற்பது? கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது. சவுக்கில் புதிய குளோன்களை வெளியிட்டிருக்கிறார்கள். நாற்றங்கால், குளோன் முறை பற்றிக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறார்கள். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலும் தொழில்சார் வேளாண்காடு, அதாவது ஆலைகளுக்கு வேண்டிய மரத்தை விவசாய நிலத்தில் வளர்ப்பது பற்றிப் பயிற்சி உண்டு. வேளாண் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் தமிழிலேயே இருக்கின்றன. அடுத்த பயிற்சி எப்போது, கட்டணம் எவ்வளவு என்று உங்கள் பையனே போன் போட்டுக் கேட்கட்டும், நீங்கள் கேட்க வேண்டாம். பயிற்சி சில நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வருடமாவது ஏதாவது ஒரு நாற்றங்காலில் கூலிக்கு நிற்க வேண்டும், அதுதான் உண்மையான படிப்பு. சம்பளம் குறைச்சல்தான், அதை மறைக்க மாட்டேன். அந்த வருடம் முழுக்க உங்கள் தம்பி நக்கலடிப்பார், அதற்கும் தயாராக இருங்கள்.

கூடவே மரம் அளக்கப் பழக வேண்டும். மரக்கடைக் கணக்கு இது: சுற்றளவில் கால்பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளத் தேக்கு என்றால் கால்பங்கு ஓரடி, ஆக 10 கன அடி. டேப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து 44 என்று படித்தால் கணக்கு 8.4-க்கு இறங்கிவிடும். நாலு அங்குலத்தில் ஒன்றரை கன அடிக்கு மேல் போயிற்று. இத்தனைக்கும் இந்தச் சூத்திரமே மரத்தின் உண்மையான கன அளவில் 78 சதவீதத்தைத்தான் காட்டும். விற்கிற விவசாயிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கணக்குப் பரீட்சையில் தடுமாறிய உங்கள் பையனிடம் இதைச் சொன்னேன். "எங்க வீட்டு வேம்ப இப்படித்தான் ஏமாந்து வித்துட்டோம்" என்று மனக்கணக்காகவே போட்டுக் காட்டினான்.

மூன்று விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன்.

முதலாவது, செயின் சா என்கிற மரம் அறுக்கும் இயந்திர ரம்பம். முதல் வருடம் அதைத் தொடக்கூடாது. தொடும்போது ஹெல்மெட், முகவலை, காலுக்குப் பாதுகாப்பு உறை, தெரிந்த ஆள் பக்கத்தில் எல்லாம் வேண்டும். மரம் சாய வேண்டிய பக்கம் வெட்டுவாய், பின்பக்க வெட்டை முழுக்க அறுத்துவிடாமல் நடுவில் கீல்போல ஒரு பட்டை, விழும்போது பின்புறம் சாய்வாக விலகி ஓட முன்பே சுத்தம் செய்த வழி. இவை இல்லாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டுகிறவர்களை அவன் ஊரில் பார்த்திருப்பான். அவர்களிடம் கற்கக் கூடாது.

இரண்டாவது, பணம். "வனத்துறை வேலை உறுதி" என்று போஸ்டர் ஒட்டி டிப்ளமோ விற்கும் இடங்களில் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். அரசு வேலை தேர்வு எழுதித்தான் வரும். இதற்காக நகையும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம். பஸ் செலவு, பயிற்சிக் கட்டணம், தங்க ஒரு அறை, அவ்வளவுதான். அதற்குமேல் யார் கேட்டாலும் எனக்குப் போன் செய்யுங்கள்.

மூன்றாவது, அவன் விருப்பம். ஒரு வருடம் நின்றுவிட்டு, "எனக்கு இது வேண்டாம், டிப்ளமோ படிக்கிறேன்" என்றால் சேர்த்துவிடுங்கள், வயது 19-தான் ஆகியிருக்கும். அவனாகச் சொல்ல வேண்டும், மாமா சொல்லி அவன் தலையாட்டக் கூடாது.

ஆடிப்பெருக்கு கழிந்ததும் கோவைக்கு அனுப்புங்கள். மறக்காமல் அந்த நோட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள், பயிற்சியில் காட்டட்டும். நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள், செருப்போடு போகக் கூடாது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசியும் போட்டுவிடுங்கள்.