ரத்தக்காட்டேரிக் காதல் தொடர்களின் பிந்தைய பாகங்கள் ஏன் ஏமாற்றம் தருகின்றன?

முதல் சில பாகங்களில் மனத்தைப் பறித்த தொடரில் அதே கதாபாத்திரங்கள் தொடர்ந்து வந்தும் பழைய ஈர்ப்பு இல்லாமல் போவதையே இங்கு ஏமாற்றம் என்கிறோம்.

இவ்வகைக் கதையின் உயிர், காதலுக்கு நடுவே நிற்கும் தடையில் இருக்கிறது. ஒருவர் மூப்படைந்து இறக்கும் மனிதர். மற்றவர் மரணமற்றவர், அதுவும் காதலியின் ரத்தத்தின் மீதே தாகம் கொண்டவர். அருகில் வருவதே ஆபத்து என்பதால்தான் ஒரு சாதாரணத் தொடுகைகூட வாசகரைப் பதறவைக்கிறது. நாயகியும் ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டாலோ, தாகத்தை எளிதில் அடக்கலாம் என்று ஆகிவிட்டாலோ அந்தப் பதற்றம் அற்றுப்போகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தினர் கயிற்றை விட்டுவிட்டால், ஆட்கள் அனைவரும் களத்தில் இருந்தும் ஆட்டம் முடிந்துவிடுவதைப் போன்றது இது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் புதிய எதிரிகளும் புதிய குலங்களும் வந்து சேர, காதல் பின்னுக்குத் தள்ளப்படுகிறது; எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வாசகர்கள் பல ஆண்டுகள் மனத்துக்குள் வளர்த்த முடிவும் ஒரு காரணம். சார்லெய்ன் ஹாரிஸ் 2001 முதல் 2013 வரை 13 நாவல்களாக எழுதிய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடரில், நாயகி இறுதியில் எந்த ரத்தக்காட்டேரியையும் தேர்ந்தெடுக்காதது பலரைக் கோபப்படுத்தியது.

எழுத்தாளரின் திறமை குறைந்துவிட்டது என்றே பலர் கருதுகிறார்கள். ஆனால் மொழிநடை சற்றும் தளராத பாகங்களிலும், தடை நீங்கிய காரணத்தாலேயே இந்த ஏமாற்றம் நேரக்கூடும்.