ஜெர்மனியில் இருந்துகொண்டே ஜெர்மனியைத் திட்டுவது ஏன்? – கேள்வி பதில்

ஸ்டுட்கார்ட் பக்கம் குடியேறிப் பல வருடம் ஆகிறது. புதிதாக வருகிற நம் ஆட்களுக்கு ஜெர்மன் கடிதங்களைப் படித்துச் சொல்வது, அலுவலகங்களுக்குக் கூடப் போவது என்று ஒரு வேலை தானாகவே என் தலையில் விழுந்துவிட்டது. அதனால் புலம்பல்களை இணையத்தில் படிப்பதோடு நேரிலும் கேட்கிறேன். "இவ்வளவு திட்டுகிறவர்கள் ஏன் திரும்பிப் போவதில்லை?" என்பதைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். விசா விவரம் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள், தனியாக எழுதுகிறேன்.

கேள்வி (சென்னை): அக்கா, மியூனிக்கில் வேலை, ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது. ஆனால் இணையத்தில் எதைத் திறந்தாலும் அழுகை. வீடு கிடைக்காது, டாக்டர் கிடைக்க மாட்டார், நண்பர்கள் அமைய மாட்டார்கள் என்கிறார்கள். நிஜமாகவே அவ்வளவு மோசமா?

அவர்கள் பொய் சொல்லவில்லை. வெளிநாட்டில் வாழ்கிறவர்களிடம் இன்டர்நேஷன்ஸ் என்கிற அமைப்பு வருடாவருடம் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 2023இல் அதில் 53 நாடுகளில் ஜெர்மனிக்கு 49ஆவது இடம். அடுத்த வருடம் 50. வீடு கிடைக்காதது, அரசு வேலைகள் இன்னமும் காகிதத்தில் நடப்பது, நட்பு அமையாதது ஆகிய மூன்றும்தான் அதிலும் முக்கியக் குறைகள்.

ஆனால் யார் எழுதுகிறார்கள் என்பதையும் பாருங்கள். நம் ஊர் வழக்கப்படி "நான் இங்கே ரொம்ப நன்றாக இருக்கிறேன்" என்று யாராவது எழுதுவார்களா? கண்ணு பட்டுவிடும். அதைவிட முக்கியம், ஊரிலிருந்து கைமாற்றுக் கேட்டு போன் வந்துவிடும். வீடு அமைந்து, பிள்ளை பள்ளிக்கூடத்தில் செட்டில் ஆகி, ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுத் தூங்குகிறவர் வாயே திறப்பதில்லை. நீங்கள் படிப்பது மிச்சமிருப்பவர்களின் குரல்.

வாருங்கள். முடிந்தால் நவம்பரில் வராமல் ஏப்ரலில் வாருங்கள். வீடு பார்க்கப் போகும்போது சமையலறை என்று காட்டும் இடத்தில் சுவரிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் திகைக்காதீர்கள். சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் குடிவருபவர் பொறுப்பு என்பது இங்கே சகஜம். அட்வான்ஸ் தொகை, மின்சாரம் ஹீட்டர் செலவெல்லாம் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. இது தெரியாமல் மொத்தமாகக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் வந்து புலம்புகிறவர்கள் நிறைய.

கேள்வி (டுஸல்டார்ஃப்): வந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் டிராம்கூட அழகாகத் தெரிந்தது. இப்போது பேக்கரியில் நிற்கும் பெண் பேசும் தொனிகூட எரிச்சலாக இருக்கிறது. எனக்குத்தான் ஏதாவது பிரச்சினையா?

இல்லை. 1954இல் ரியோ டி ஜெனிரோவில் கலெர்வோ ஓபெர்க் என்கிற மானிடவியலாளர் 'கல்ச்சர் ஷாக்' என்று இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். முதலில் தேனிலவு, அப்புறம் எல்லாவற்றின் மேலும் வெறுப்பு, பிறகு மெல்லத் தேறுவது என்று படிப்படியாகச் சொன்னார். இரண்டாம் கட்டத்துக்கு அவர் கொடுத்த அடையாளம்தான் சுவாரசியம்: சொந்த நாட்டுக்காரர்களோடு கூடி உட்கார்ந்து, வந்த நாட்டையும் அதன் மக்களையும் குறை சொல்வது. அவர் பார்த்தது பிரேசிலில் இருந்த அமெரிக்கர்களை. இணையம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால் கிளப்பில் உட்கார்ந்து நடந்தது இப்போது போனில் நடக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் லிஸ்கார்ட் என்பவர் அமெரிக்கா போன நார்வேக்காரர்களை ஆராய்ந்தபோது, ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள் என்று கண்டார். உங்கள் எட்டாவது மாதம் அதற்குள் வருகிறது. எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் இதை ஜாதகம் மாதிரி நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊரில், கோபத்தில் வேலையை விட முடிவெடுப்பதை மட்டும் மார்ச் வரை தள்ளிப்போடுங்கள்.

கேள்வி (ஃபிராங்க்ஃபர்ட் அருகே): என் கணவருக்கு ப்ளூ கார்டு, அதாவது உயர்கல்வி படித்து வேலைக்கு வருகிறவர்களுக்கான அனுமதி. நான் கோயம்புத்தூரில் டெஸ்டிங் வேலை பார்த்தவள், இங்கே வீட்டோடு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, மிக்ஸி போட்டால் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டுகிறார் என்று எழுதினேன். "இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு?" என்று கேலி செய்கிறார்கள்.

முதலில் மிக்ஸி. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது என்பது இங்கே எழுதப்பட்ட விதி. ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பில் இருந்து, 1949இல் எழுதிய இன்றைய அரசியலமைப்புக்குள்ளும் அப்படியே வந்தது. ஆகவே மாவு சனிக்கிழமை ஆட்டிவிடுங்கள். அந்த அம்மாவோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

ஆனால் பாவம் அந்த மிக்ஸி. அதன் மேல் வேறு கோபமெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோவையில் உங்களுக்குச் சொந்தச் சம்பளம் இருந்தது, சொந்த வண்டி இருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கூட்டம் இருந்தது. இங்கே மருத்துவக் காப்பீடு கணவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, பேங்க் கார்டு அவர் கணக்கில், தபால்பெட்டியில் விழும் கடிதம் எல்லாம் அவர் பெயருக்கு. உங்கள் வயதுப் பெண்கள் என்னிடம் குளிரைப் பற்றி ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் "அக்கா, என்னிடம் யாரும் வேலை விஷயமாக ஒரு கேள்வி கேட்டே ஒரு வருஷம் ஆகுது" என்று வந்து நிற்பார்கள். அதை நேரடியாக எழுதினால் கணவரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், மாமியார் காதுக்குப் போகும். கடையைத் திட்டினால் யாருக்கும் பாதகமில்லை.

உங்களுடைய குடியிருப்பு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வேலை செய்ய அனுமதி உண்டு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ப்ளூ கார்டுக்காரரின் துணைக்கு முதல் நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு. தடையாக இருப்பது மொழிதான். அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு பொதுவாக 600 மணி நேர மொழிப் பாடமும் 100 மணி நேர நாட்டு அறிமுகமும் கொண்டது. உங்களைச் சேர்ப்பார்களா என்பதை முதலில் விசாரியுங்கள். ஊரிலுள்ள மக்கள் கல்வி நிலையத்தில், அதாவது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில், கேளுங்கள். வகுப்பில் சிரியாக்காரியும் உக்ரைன்காரியும் பக்கத்தில் உட்காருவார்கள். உடைந்த ஜெர்மனில் அவர்களோடு சேர்ந்து ஜெர்மனியைத் திட்டுவது மொழி வளர ரொம்ப நல்லது.

கேள்வி (மாக்டெபுர்க், மாணவர்): ஏஜென்ட் "படிப்பு இலவசம், பார்ட் டைமில் செலவைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். இங்கே கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறேன். ஆத்திரத்தில் எழுதினால் "உன்னை யார் வரச் சொன்னது" என்று பதில் வருகிறது.

அப்படிக் கேட்பவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும், சம்பளமும் இருக்கும்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை என்பது சரிதான். அதிலும் எங்கள் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. ஆனால் வாழ்க்கை இலவசம் இல்லை. விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் கட்டும் 11,904 யூரோ மாதம் 992 ஆகத்தான் கைக்கு வரும். அது அரசு போட்ட குறைந்தபட்சக் கணக்கு. பெரிய நகரத்தில் அறை வாடகையே அதில் பாதியைத் தின்றுவிடும். வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலைதான் அனுமதி. ஏஜென்ட் இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டில் சொல்ல முடியாதது இதில் பெரிய பாரம். அப்பா நிலத்தை வைத்துக் கடன் வாங்கியிருப்பார். வீடியோ காலில் அம்மாவுக்கு ஜன்னலைத் திருப்பிப் பனியைக் காட்டுவார்கள். அறையின் இன்னொரு பக்கம் கேமராவில் வராது, அங்கே தரையில் ஒரு மெத்தையும் காய்கிற ஜட்டியும் இருக்கும். போனை அணைத்த கையோடு இணையத்தில் போய் நாட்டையே திட்டித் தீர்ப்பார்கள். வேறு எங்கே போய்க் கொட்டுவது? உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அமைப்பில் சமூக ஆலோசனையும் மனநல ஆலோசனையும் பொதுவாக இலவசம், பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். பணம் பற்றாத விஷயத்தையும் அங்கேயே எடுத்துப் பேசுங்கள். தேர்வுக்கு முன்னால் போங்கள், ஃபெயிலான பிறகு வேண்டாம்.

கேள்வி (பெர்லின்): சம்பளத்தில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இதைத் திட்டாமல் எதைத் திட்டுவது?

பாதி இல்லை. சாதாரண ஐடி சம்பளத்தில் தனியாளுக்கு முப்பத்தைந்திலிருந்து நாற்பது சதவீதம். அதில் பெரிய பங்கு வரியே இல்லை, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் வேலையில்லாக் காப்பீடும். நோயில் படுத்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு காப்பீட்டிலிருந்து பணம், குழந்தைக்கு மாதாமாதம் உதவித்தொகை (2025இல் 255 யூரோ). நோயும் பிள்ளையும் இல்லாத இருபத்தெட்டு வயதுக்காரருக்குப் போவது மட்டும்தான் கண்ணில் படும், வருவது படாது. அந்த வயதுக்காரர்கள்தான் அதிகம் எழுதுகிறவர்களும்.

நாகர்கோவில், தூத்துக்குடி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முகவரி பதியும் படிவத்தில் கத்தோலிக்கர் என்று எழுதினால் தேவாலய வரி உண்டு. வருமான வரியின் மேல் பவேரியாவிலும் எங்கள் மாநிலத்திலும் 8 சதவீதம், மற்ற இடங்களில் 9. தெரிந்து எழுதுங்கள்.

கேள்வி (டார்ட்முண்ட்): அக்கா, அப்பா 85இல கிழக்கு பெர்லினால வந்தவர். எவ்வளவோ கஷ்டப்பட்டவர், ஒருநாளும் இந்த நாட்டைக் குறை சொன்னதில்லை. இப்ப வாற ஐடி ஆக்கள் ரயில் பிந்தினாலும் அழுகினம். எனக்கு விளங்கேல்லை.

உங்கள் அப்பாவின் தலைமுறை இலங்கையிலிருந்து கிளம்பி, கிழக்குப் பக்கத்தில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரிந்து கிடந்த நகரத்தின் மேற்குப் பக்கம் வந்து தஞ்சம் கேட்டவர்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி வாங்க வேண்டும். அவர்களுக்குக் குறை இல்லாமல் இல்லை. அதிகாரி காதில் விழுந்தால் வழக்குக் கெட்டுவிடுமோ என்கிற பயம். ஊருக்கு எழுதலாம் என்றால் அங்கே குண்டு விழுகிறது. ஷெல்லடிக்கு நடுவில் இருக்கிற தாய்க்கு "எனக்குக் குளிருது" என்று யார் எழுதுவார்கள்?

இன்னொன்று, திரும்பிப் போக வழி இருப்பவர்தான் ஒப்பிடுவார். ஐடிக்காரர் கையில் பெங்களூர் வேலையும் இருக்கிறது, கல்லூரி நண்பன் டெக்ஸாஸில் வாங்கும் சம்பளமும் தெரிகிறது. தினமும் மூன்று ஊரைத் தராசில் வைத்துக்கொண்டே இருந்தால் எந்த ஊரும் தேறாது. உங்கள் அப்பாவிடம் அந்தத் தராசே கிடையாது. இருந்த இடத்தில் கட்ட வேண்டியதைக் கட்டினார்கள். 2002இல் ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் எழும்பியது அந்தத் தலைமுறையின் உழைப்பில். திருவிழாவுக்கு ஐடி ஆட்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி (ஹாம்பர்க்): ரயில் தாமதத்தைத் திட்டுவதும் கல்ச்சர் ஷாக்தானா?

இல்லை, அது குடியுரிமைத் தகுதி. 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்தால் தாமதமே இல்லை என்கிற கணக்கில். பிளாட்பாரத்தில் ஜெர்மன்காரர் உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினால் நீங்களும் ஆட்டுங்கள். நட்பு அப்படித்தான் ஆரம்பிக்கும்.

கேள்வி (லைப்சிக்): என் பெயரில் வீடு கேட்டு எழுதினால் "போய்விட்டது" என்கிறார்கள். அதே வீட்டுக்கு ஜெர்மன் நண்பன் எழுதினால் உடனே பார்க்க வரச் சொல்கிறார்கள். இதைச் சொன்னால் நம் ஆட்களே "சும்மா புலம்பாதே, அட்ஜஸ்ட் பண்ணு" என்கிறார்கள்.

அட்ஜஸ்ட் பண்ணாதீர்கள். 2006ஆம் ஆண்டின் சம நடத்தைச் சட்டம் வாடகை வீட்டுக்கும் பொருந்தும். இரண்டு பதில்களையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உரிமை கோர இரண்டு மாதம்தான் கெடு. கூட்டாட்சி அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை சொல்லும். "புலம்பாதே" என்று உங்களிடம் சொன்னவர்கள், அவர்களுக்கு நடந்தபோது வாய் திறக்காமல் இருந்தவர்களாக இருக்கலாம். அவர்களிடம் கோபப்பட வேண்டாம், ஆனால் அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அம்மா, என் மகன் நியூரம்பெர்க்கில் இருக்கிறான். போன் பண்ணினால் குறைதான். "அப்போ கிளம்பி வந்துடு" என்றால் பேச்சை மாற்றிவிடுகிறான். என்னதான் வேண்டும் அவனுக்கு?

ஐயா, அவர் உங்களிடம் குறை சொல்வதே பெரிய விஷயம். பலர் வீட்டில் சொல்லாமல் ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொல்கிறார்கள். "வந்துடு" என்றதும் அவருக்குக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்: நிரந்தரக் குடியிருப்புக்கு எத்தனை மாதம் பாக்கி, ஊரில் அதே சம்பளம் கிடைக்குமா, வந்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள். ப்ளூ கார்டில் பி1 (நடுத்தர) அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதி கேட்கலாம், இல்லாவிட்டால் 27. அந்த இடைவெளியில் இருப்பவர்கள் கிளம்பவும் மாட்டார்கள், நிம்மதியாக இருக்கவும் மாட்டார்கள். அவர் எந்த மாதத்தில் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் மதியம் யாரோடு சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். "தனியாத்தான்" என்று பதில் வந்தால், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி (கொலோன்): நான் முடிவெடுத்துவிட்டேன், அடுத்த மாதம் சென்னை திரும்புகிறேன். அங்கே போனதும் புலம்பல் நின்றுவிடுமா?

நிற்காது. ஓபெர்க் சொன்ன அதே ஏற்ற இறக்கம் திரும்பிப் போகிறவர்களுக்கும் உண்டு என்று 1963இலேயே கல்லஹார்ன் தம்பதி எழுதிவிட்டார்கள். போன புதிதில் ஹாரன் சத்தத்தையும் வரிசையில் இடித்துக்கொண்டு வருபவரையும் திட்டுவீர்கள், "ஜெர்மனியில எல்லாம்..." என்று ஆரம்பித்தால் மச்சான் எழுந்து போய்விடுவார். ஆறு மாதம் கொடுங்கள்.

கிளம்பும்போது முகவரிப் பதிவை ரத்து செய்ய மறக்காதீர்கள். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து, காலி செய்த இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் நகலை ஒலிபரப்புக் கட்டண (டிவி, ரேடியோவுக்காக வீட்டுக்கு வீடு வாங்குவது) அலுவலகத்துக்கும் நீங்களே அனுப்ப வேண்டும், தானாக நிற்காது. இல்லையென்றால் மாதம் 18.36 யூரோ வீதம் பில் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.