மென்பொருள் சிந்தசைசரில் வெடிப்புச் சத்தமும் தாமதமும்: எதை மாற்றுவது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கோயில் நிகழ்ச்சிக்கு விண்டோஸ் மடிக்கணினியில் மென்பொருள் சிந்தசைசரை (இசை ஒலிகளைக் கணினியிலேயே உருவாக்கும் நிரல்) வாசிக்கும்போது 'பட் பட்' என்று வெடிக்கிறது, பஃபரை (ஒலியை முன்கூட்டியே தயார் செய்து வைக்கும் இடம்) கூட்டினால் ஒலி பிந்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டிரைவர், அதாவது ஒலிக் கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள். ஆடியோ அமைப்பில் டைரக்ட்சவுண்ட் (விண்டோஸின் பழைய ஒலி வழி) இருந்தால், உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் (கணினியோடு இணைக்கும் ஒலிப் பெட்டி) ஏசியோ (ASIO, தாமதம் குறைந்த வழி) டிரைவருக்கு மாற்றுங்கள். சாம்பிள் ரேட் (ஒரு நொடி ஒலிக்கு எத்தனை சாம்பிள் என்பது) 44,100 போதும். 96,000 வைத்தால் கணக்கு வேலை இருமடங்குக்கும் மேல்.

44,100இல் 256 சாம்பிள் பஃபர் என்பது 5.8 மில்லிசெகண்ட், 512 என்றால் 11.6. ஒரு பஃபர் ஒலித்து முடிவதற்குள் அடுத்ததை பிராசஸர் தயார் செய்யாவிட்டால் விழும் இடைவெளிதான் அந்த வெடிப்பு. 256இல் தொடங்குங்கள், வெடித்தால் 512. அதற்கு மேல் கூட்டாமல் சுமையைக் குறையுங்கள். பாலிஃபோனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் உச்ச எண்ணிக்கை) 16 ஆக்குங்கள், ஏனென்றால் ரிலீஸ் (விரலை எடுத்த பின் ஒலி தேய்ந்து மறையும் நேரம்) நீண்ட பேட் (மெதுவாகப் படரும் பின்னணி) ஒலிகளில் விரலை எடுத்த பின்னும் பழைய சுரங்கள் பிராசஸரைத் தின்றுகொண்டே இருக்கும். யூனிசன் (ஒரே சுரத்தைப் பல பிரதிகளாக அடுக்குவது) இன்னும் மோசம்: 8 வைத்து 10 சுரம் பிடித்தால் 80 ஆசிலேட்டர்கள் (ஒலி அலையை உருவாக்கும் பகுதிகள்). 2 போதும்.

வீட்டில் ஒழுங்காக ஓடியது பந்தலில் வெடித்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். கோலாலம்பூர் வெக்கையில் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுத் துவாரத்தை மேசைத் துணி மூடக்கூடாது. சார்ஜரைச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு வாசியுங்கள்.